மாத்தளை வெயிலில் சன்ஸ்கிறீன்: யாருக்கு, எப்படி, எவ்வளவு?

பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ ஏழரைப் பாகை வடக்கே அமைந்த மாத்தளை மாவட்டத்தில், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்பும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. ஏனைய மாதங்களிலும் நண்பகல் நிழல் ஆளின் உயரத்தை எட்டுவதில்லை. நிழல் ஆளைவிடக் குறுகியிருக்கும் வேளையெல்லாம் புறஊதாக் கதிர் கடுமையாக இறங்கும் வேளை என்பதால், காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்று மணிவரை வெளியில் நிற்பவர் எவரும் அதன் தாக்கத்துக்கு உட்படுகிறார். தம்புள்ளையின் வெக்கையில் இதை உணர்பவர்கள்கூட எல்கடுவை, இறத்தோட்டை மலைகளின் குளிர்ச்சியில் ஏமாந்துபோகிறார்கள். உடலைச் சுடுவது வேறு கதிர், சருமத்தைக் கெடுப்பது வேறு கதிர். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுவதோடு, மெல்லிய முகில் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதுமில்லை.

இக்கதிரில் சருமத்தைப் பாதிக்கும் வகைகள் இரண்டு. யூ.வி.பி. எனப்படுவது மேல்தோலைச் சிவக்க வைத்து எரிக்கிறது, யூ.வி.ஏ. எனப்படுவது வலியின்றி ஆழமாக ஊடுருவி, சுருக்கத்தையும் கருமையையும் உண்டாக்குகிறது, கண்ணாடி யன்னலையும் கடக்கிறது. மாநிறத் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி இயற்கையான காப்பாக அமைவதால் இங்குள்ளோருக்குத் தோல் புற்றுநோய் அரிதே. ஆயினும், அதே மெலனின் வெயிலால் தூண்டப்பட்டுக் கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாகப் படிவதே மங்கு. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை பாவிக்கும் சிலரிடத்திலும் இது தோன்றி, நாள் முழுதும் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் முகத்தில் நிலைத்துவிடக்கூடியது.

சன்ஸ்கிறீன் குழாயில் அச்சிடப்படும் எஸ்.பி.எப். எண், முதன்மையாக யூ.வி.பி.க்கு எதிரான காப்பையே குறிக்கிறது. எண் 15 உள்ளது ஏறத்தாழ 93 சதவீதத்தையும், 30 உள்ளது 97 சதவீதத்தையும், 50 உள்ளது 98 சதவீதத்தையும் தடுப்பதால், 30க்கு மேல் எண்ணைத் துரத்திக் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் சொற்பமே. யூ.வி.ஏ. காப்புக்கு, ஜப்பானிய முறைப்படி பி.ஏ. என்ற எழுத்துகளை அடுத்துவரும் கூட்டல் குறிகளையோ, இருவகைக் கதிர்களையும் தடுப்பதாகக் கூறும் வாசகத்தையோ தேட வேண்டும். மங்கு உள்ளவருக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கெடுதல் செய்வதால், இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள கிறீமே ஏற்றது. சில சன்ஸ்கிறீன்களில் சேர்க்கப்படும் துத்தநாக ஒட்சைட்டு முகத்தில் விட்டுச் செல்லும் சாம்பல் வெள்ளைப் பூச்சும் அதில் தெரிவதில்லை.

அந்தப் பூச்சுக்கு அஞ்சியும் விலைக்கு அஞ்சியும் பலர் கடுகளவு எடுத்து முகமெங்கும் தேய்ப்பதே பெரிய பிழை. சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் பூசித்தான் ஆய்வுகூடத்தில் எஸ்.பி.எப். அளக்கப்படுகிறது, அளவு குறைந்தால் காப்பும் குறைகிறது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை நீளமாகப் பிதுக்கி எடுக்கும் கிறீம் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமானது. அதனை வெளியே இறங்கக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கொருமுறையும் வியர்வையைத் துடைத்த பின்னரும் மீண்டும் பூச வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பூசுவதைத் தவிர்த்து நிழலிலேயே வைத்திருப்பது நல்லது.

நாட்கூலியில் வாழும் குடும்பம் இவ்வளவு கிறீமை உடல் முழுதும் பூச முடியாது, பூசவும் தேவையில்லை. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், தலையோடு காதையும் பிடரியையும் மூடும் துணியும், அகன்ற தொப்பியும் எந்தக் குழாயையும்விட உறுதியான காப்பாகையால், துணி மூடாத முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிறீனை ஒதுக்குவதே விவேகம். வெள்ளையாக்கும் கிறீம்களைச் சன்ஸ்கிறீனாகக் கருதுவது ஆபத்தானது; சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம், மெலனின் உருவாவதைத் தடுத்து இயற்கைக் காப்பையே பறிப்பதுடன் சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

வெயிலிலிருந்து தோலைக் காக்க இம்மாவட்டத்தினருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. அந்நோயைத் தடுக்க வயலில் இறங்குவோருக்கு வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் மாத்திரை, தோலை வெயிலுக்கு, குறிப்பாக யூ.வி.ஏ. கதிருக்கு, எளிதில் எரியச் செய்யும் இயல்புடையது. உயிர்காக்கும் அம்மாத்திரையை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மாறாக, அதனை உட்கொள்ளும் காலத்தில் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிறீனும் கட்டாயம் என்பதை, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே சுகாதார உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு விவசாயிக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.