வழியில் தொலையும் மின்சாரம்

கற்றுத் தந்த காலம் – 7

சென்ற வாரம் மண்ணெண்ணெயில் ஓடிய இறைப்பு மெசின்களைப் பார்த்தோம். இந்த வாரம் மின்சாரத்துக்கு வருவோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாடு பல ஆண்டுகள் இருளில் கிடந்தது. ரோச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனாலும் புத்தூர், அச்சுவேலி, நீர்வேலி என்று எந்த ஊரிலும் செய்தி நேரத்தில் வானொலி ஒலித்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

சைக்கிள் டைனமோவின் வலு 6 வோல்ற், 3 வாற்று. அது தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். வானொலிக்கோ ஒரே திசையில் ஓட வேண்டும். அதற்கு நான்கு டயோட்டுகளைச் சதுரமாகப் பொருத்த வேண்டும். அவற்றைக் கடக்கையில் ஏறக்குறைய 1.4 வோல்ற் தொலைந்துவிடும். இழந்ததைப் பெடலின் வேகத்தால்தான் ஈடுகட்ட முடியும். பிறக்கிற மின்சாரத்தைவிடப் போய்ச் சேர்கிற மின்சாரமே கணக்கு என்பதை அந்தத் தலைமுறை கைவலியோடு படித்தது.

இன்று உழவு இயந்திரத்தின் பெட்டியில் தனிப் பற்றறி வைத்து, தோட்டத்தில் விளக்கும் மருந்தடிக்கும் பம்பும் இயக்க நினைப்பவருக்கும் இதே பாடம்தான். இயந்திரம் ஓடும்போது அதன் மின்பிறப்பாக்கி ஏறத்தாழ 14.2 வோல்ற் தருகிறது. பெட்டிவரை வயர் போக 8 மீற்றர், வர 8 மீற்றர் என்று வையுங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 அம்பியர் ஓடினால் வழியிலேயே 1.9 வோல்ற் போய்விடும், சேர்வது 12.3 தான். நிறைந்த ஈயப் பற்றறியே சும்மா இருக்கையில் 12.6 வோல்ற் காட்டும். ஆகவே அந்த அழுத்தத்தில் 10 அம்பியர் உள்ளே போகாது. ஓட்டம் தானாகச் சுருங்கி, வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் பற்றறி அரைகுறையாகவே இருக்கும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ற் மட்டுமே.

இன்னும் மூன்று காரியங்கள். பெட்டியின் இரும்பையும் கொழுக்கியையும் நம்பி மைனஸ் வயரை விட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த இணைப்பு மின்சாரத்தைத் தடுக்கும், தனி வயரே போடுங்கள். இயந்திரத்தின் பற்றறி, பெட்டியின் பற்றறி இரண்டுமே மின்சாரம் தரக்கூடியவை. ஆகவே இரண்டின் அருகிலும் பியூஸ் வேண்டும். இயந்திரம் நின்றதும் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே பொருத்துங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் எரியும் விளக்கு இயந்திரத்தின் பற்றறியையும் சேர்த்துக் குடித்துவிடும். காலையில் ஸ்ரார்ட் எடுக்காது.

தடித்த வயருக்குக் காசு கூடத்தான். ஆனால் மெல்லிய வயர் ஒவ்வொரு நாளும் அறவிடும் வட்டி அதைவிடப் பெரிது. அரைகுறையாகவே கிடக்கும் ஈயப் பற்றறியின் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகும். அதன் ஆயுள் குறையும். பற்றறி வாங்கும் முன் வயரின் தூரத்தை அளந்து பாருங்கள், தடிப்பைக் கணக்கிடுங்கள்.

(அடுத்த வாரம்: மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்)