கல்லூரியில் கட்டுப்பாடு தளர்ந்தால் வீட்டில் என்ன செய்வது?



உங்கள் மகனோ மகளோ வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்களா? அல்லது உங்களில் ஒருவர் கல்லூரியில் சமையல், துப்புரவு, காவல் போன்ற வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் போதும்.

கொரோனா காலத்தில் கிராமம் கிராமமாகப் போனபோது ஒரு பேச்சு அடிக்கடி எங்கள் காதில் விழுந்தது. "அவ்வளவு பெரிய காலேஜிலேயே மாஸ்க் வேண்டாம்னு விட்டுட்டாங்க. படிச்சவங்களே பயப்படலை, நாம எதுக்குப் பயப்படணும்?" நியாயமான கேள்விதான். இன்றைக்கும் ஊரில் சளிக்காய்ச்சல் பரவும்போது இதே பேச்சு திரும்பி வருகிறது. ஆகவே கல்லூரிகள் எப்போது தளர்த்தின, ஏன் தளர்த்தின என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய் போய்விட்டதால்தான் தளர்த்தினார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். தளர்த்தியவர்கள் போட்ட கணக்கு வேறு. சென்னை கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் இரண்டு முறை நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும்.

2020 மார்ச்சில் மூடிய கல்லூரிகள் அந்த ஆண்டு டிசம்பரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. ஐ.ஐ.டி. விடுதிகளுக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் திரும்பி வந்திருந்தார்கள். அந்த மாதத்திலேயே அங்கே 180க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்துவிட்டது. எங்கே பரவியது என்று பார்த்தால், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் உணவுக்கூடத்தைத்தான் அதிகாரிகள் காட்டினார்கள். வகுப்பில் மாஸ்க் போடலாம், ஆய்வுக்கூடத்தில் போடலாம். வாயில் சோற்றை வைக்கும்போது எப்படிப் போடுவது? பக்கத்தில் கூட்டாளி இருந்தால் பேச்சும் சிரிப்பும் இருக்கத்தான் செய்யும். சாப்பாட்டு நேரம் அரை மணி என்றால் அந்த அரை மணியும் அவர்கள் ஒருவர் விடும் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு உணவுக்கூடத்தை நிறுத்தி, பொட்டலமாக அறைக்கே சாப்பாடு அனுப்பினார்கள். ஆய்வுக்கூடங்களையும் மூடினார்கள்.

அடுத்தது 2022 ஏப்ரல். அந்த ஆண்டு மார்ச் 31ஆம் தேதியோடு பேரிடர் சட்டத்தின் கீழ் இருந்த கொரோனா கட்டுப்பாடுகளை மத்திய அரசு முடித்துக்கொண்டது. முகக்கவசமும் கை கழுவுவதும் தொடரட்டும் என்று சொல்லித்தான் முடித்தது. ஆனால் ஜனங்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் போவதற்குள் அதே ஐ.ஐ.டி.யில் மறுபடி தொற்று. முதலில் இரண்டு மூன்று பேர், பிறகு பத்து, முப்பது என்று ஏறிச் சில நாட்களில் நூறைத் தாண்டிவிட்டது. பொது இடத்தில் முகக்கவசம் போடாதவர்களுக்கு 500 ரூபாய் அபராதம் என்பதை மாநில அரசு மறுபடியும் கொண்டுவந்தது.

இப்போது கவனியுங்கள். இரண்டு முறையும் நூற்றுக்கு மேல்தான். ஆனால் 2020இல் கதவைச் சாத்தினார்கள், 2022இல் சாத்தவில்லை. எல்லோரையும் பரிசோதித்து, தொற்று உள்ளவர்களைத் தனியே வைத்து, முகக்கவசத்தை மீண்டும் போடச் சொல்லிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்து நடத்தினார்கள். நடுவில் வந்தது தடுப்பூசி. 2021 ஜனவரியில் நம் நாட்டில் ஊசி போடத் தொடங்கினார்கள். கல்லூரிகளுக்குள்ளேயே முகாம் நடத்திப் போட்டார்கள். அதனால் 2022 ஏப்ரலில் தொற்று வந்த பிள்ளைகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல் என்று லேசாக வந்து போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடிதடி இல்லை. "ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, ஆண்மை போய்விடும்" என்று அப்போது ஊரில் கிளப்பிவிட்டது வெறும் புரளி. ஊசி போட்டுக்கொண்ட எத்தனையோ பெண்கள் அதன் பிறகு கருவுற்று நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

ஆக, கட்டுப்பாட்டைத் தளர்த்தியவர்கள் நோய் பரவாது என்று சொல்லவில்லை. பரவினாலும் இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், படிப்பு கெடுவதுதான் பெரிய நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரி என்பதே எங்கள் அபிப்பிராயம். இரண்டு வருஷம் பிள்ளைகள் போனைப் பார்த்துப் படித்த படிப்பு என்ன ஆயிற்று என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

தளர்த்திய விதிகளில் சில போனதில் வருத்தமே இல்லை. வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துச் சூடு பார்த்தார்களே, அதனால் பெரிய பிரயோஜனம் இருந்ததில்லை. காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து இந்த நோய் பரவத் தொடங்கிவிடும். மேசையையும் கதவுப் பிடியையும் நாள் முழுக்க மருந்து போட்டுத் துடைத்ததும் அப்படித்தான். இது முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிற நோய். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் அதைவிட அதிக நன்மை கிடைத்திருக்கும். (கை கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள் காமாலைக்கும் அது என்றைக்கும் வேண்டும்.)

இன்னொரு விஷயம். தளர்வு பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்களைப் பற்றியே பேசினார்கள். மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் ஐம்பது வயது அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கலாம்; காவலாளி ஐயாவுக்கு இருதய வியாதி இருக்கலாம். மாணவர்களுக்குப் போட்ட கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. உங்களில் யாராவது அப்படி வேலை பார்த்தால், விதி இல்லை என்பதற்காக முகக்கவசத்தைக் கழற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. காய்ச்சல் பரவும் நாட்களில் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வீட்டுக்கும் இதே நியாயம்தான். வளாகத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுக்காரர்கள். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எழுபது வயது மாமியார், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் மாமனார், ஏழு மாதக் கர்ப்பிணி மருமகள், தொட்டிலில் ஒரு குழந்தை. விடுதியில் மூன்று நாளில் எழுந்து ஓடிவிடும் பிள்ளையின் காய்ச்சல் இங்கே வந்தால் அப்படி இருக்காது. கர்ப்பிணிக்கு இந்நோய் வந்தால் மற்றப் பெண்களைவிடக் கடுமையாகக்கூடும். குறைமாதப் பிரசவமாகவும் வாய்ப்பு அதிகம்.

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. அதன் பிறகும் கிருமி நம்மிடையே இருந்துகொண்டுதான் இருக்கிறது; ஃப்ளூ காய்ச்சலும் கூடவே வருகிறது. கல்லூரி வாசலில் கேட்பவர் யாரும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பல விடுதிகளில் "ஊருக்குப் போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். தாய் மனசும் "இங்கே வந்துடு கண்ணு, கஞ்சி வெச்சுத் தரேன்" என்றுதான் சொல்லும். வர வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எப்படி வர வேண்டும், வந்த பிறகு எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறோம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக முகக்கவசத்தோடு வரச் சொல்லுங்கள். வந்ததும் பாட்டி கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழிப்பதெல்லாம் காய்ச்சல் விட்ட பிறகு இருக்கட்டும். தனி அறை உள்ள வீடானால் ஜன்னலைத் திறந்து வைத்து அங்கே தங்கட்டும். ஒரே அறை வீடு என்றால் திண்ணையில் கட்டிலைப் போடுங்கள். மழைக் காலமானால் காற்றோட்டமான மூலையில் படுக்கை போட்டுவிட்டு, மூத்தவர்களையும் கர்ப்பிணியையும் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் சில நாள் படுக்கச் சொல்லுங்கள். குறைந்தது ஐந்து நாள் இப்படி இருக்கட்டும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதை அந்த நாட்களில் தள்ளி வையுங்கள். மெஸ்ஸில் நடந்தது வீட்டிலும் நடக்கும்.

கவனித்துக்கொள்ளும் பொறுப்பைக் கர்ப்பிணியிடம் விடாதீர்கள். கணவன்மாரே, கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது உங்களாலும் முடியும். பால் கொடுக்கும் தாய்க்கே காய்ச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்த வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடு" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை விடுங்கள். கர்ப்பிணிக்கு வலி மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104க்குப் போன் செய்யலாம். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு இறுக்கினாலும், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் 94க்குக் கீழே காட்டினாலும், முதியவர் தடுமாறிப் பேசினாலும், வயிற்றுக் குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.