செம்பாட்டு மண் – 9: ஓடுபாதைக்குத் தெற்கே ஒரு தோட்டம்

போன கிழமை புகையிலைக் கன்று நடுகையோடு நிறுத்தியிருந்தேன். இந்தக் கிழமை அந்தக் கன்றுகளை நட்ட மனிதர். அம்மாவின் தகப்பன். நாங்கள் அப்பு என்போம்.

வலிகாமம் வடக்கில் தோட்டக்காரர் வீட்டுப் பொடியன் பட்டாளத்தில் சேர்வது அந்தக் காலத்தில் அபூர்வம். இங்கிலீசு படித்தவன் கொழும்புக்கு கிளாக்கர் வேலைக்குப் போவான், இல்லையென்றால் மலாயாவுக்குக் கப்பலேறுவான். மற்றவன் துலா மிதிப்பான். அப்பு எட்டாம் வகுப்போடு நின்றவர். தகப்பன் பட்ட கடனுக்குத் தோட்டம் ஒற்றியில் கிடந்தது. மீட்கக் காசு வேண்டும், வெள்ளைக்காரன் மாதச் சம்பளம் தருவான். ராசவிசுவாசமோ இட்லர் மீது கோபமோ அவரைக் கொண்டுபோகவில்லை. இதை அவரே மறைக்காமல் சொல்லுவார்.

திருகோணமலைத் துறைமுகத்தைக் காத்த பீரங்கிப் பிரிவில் அவரைப் போட்டார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது; மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த காசு நின்று யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் தவித்தன. ரங்கூனும் போனதோடு பர்மா அரிசியும் நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி காலை திருகோணமலை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையை அப்பு சொல்லக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் நின்றால் ஆபத்தென்று முதல்நாளே வெளியே அனுப்பப்பட்ட கப்பல்களில் ஒன்று விமானந்தாங்கியான ஹெர்மிஸ். மட்டக்களப்புக் கடலில் அதை மூழ்கடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவ்வளவும் கேட்டால் சொல்லுவார். கொக்கோஸ் தீவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். 1942 மே மாதம் அங்கே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். ஆகஸ்டில் மூவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் அவர்கள் மட்டுமே. அப்புவுக்கு அவர்களில் யாரையும் தெரிந்திருந்ததா, நான் அறியேன். வைக்கோல் போட்டு வந்தபின் வேறு கதை தொடங்கும்.

போர் முடிந்து வந்தார், ஒற்றியை மீட்டார், கலியாணம் கட்டினார். அவர் ஊரில் இல்லாத அந்த வருடங்களில் பலாலியில் ஒரு விமானத்தளம் எழுந்திருந்தது. பிரித்தானிய விமானப்படை போட்டது. 1945இல் அங்கிருந்து லிபரேட்டர் விமானங்கள் பறந்தன. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. ஊர்ச் சனம் விமானம் பார்க்கப் போய்வந்தது. தோட்டத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே பனங்கூடலும் சில ஒழுங்கைகளும் கிடந்தன. தூரமென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்புவின் மற்ற நாற்பத்தைந்து வருடமும் அந்தச் செம்பாட்டு மண்ணோடுதான். புகையிலை, வெங்காயம், மிளகாய், இடையில் குரக்கன். வெள்ளாப்பில் துலாவில் இரண்டு பேர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற இன்னொருவர். நாங்கள் தண்ணி மாறப் போய் வாய்க்காலை உடைத்தால் ஏச மாட்டார், மண்வெட்டியை வாங்கித் தானே கட்டிக் காட்டுவார். ஐம்பதுகளில் மண்ணெண்ணெய் மெசின் வந்தபோது ஊரே வாங்கியது. அப்பு கடைசியாகத்தான் வாங்கினார், வாங்கியும் அரை மனம்.

"மனுசன் களைச்சால் கிணறும் ஆறும் மோனை. மெசினுக்குக் களைப்பு வராது."

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத்தண்ணிக்கு மேலே படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணறுகள் அள்ளுகின்றன. அளவு மிஞ்சினால் உப்பு ஏறும். துலாவில் ஏறியவனின் கால் வலிதான் அந்த அளவைக் காத்தது என்பது என் எண்ணம். நீரியல் படித்தவர்கள் மறுக்கலாம்.

1970களில் சிறிமாவோ அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைத் தடுத்தபோது லொறிகள் தோட்ட வாசலுக்கே வந்தன. அம்மாவின் கலியாண வீடு வெங்காயக் காசில் நடந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்துவிட்டார்கள், விலை விழுந்தது. அப்பு அரசியல் பேசவில்லை. ஒரு போகம் மிளகாயைக் குறைத்துப் பேரப்பிள்ளைகளுக்கென்று வாழை வைத்தார்.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டது. பலாலித் தளத்தைச் சுற்றி இருந்த ஊர்கள் எழும்பின. அப்பு காணி உறுதிகளையும் ஆச்சியின் தைலப் போத்தலையும் சைக்கிள் கரியலில் கட்டிக்கொண்டு மல்லாகத்துக்கு வந்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்த உறுதிக் கட்டும் நடந்தது. கொடிகாமத்தில் தங்கிய வீட்டு வளவின் மணலைக் காலால் தட்டிப் பார்த்து, "உதிலை தென்னைதான் நிற்கும்" என்றார். அடுத்த வருடம் திரும்பி வந்தோம், ஆனால் தோட்டத்துக்கு அல்ல. வாடகை வீடொன்றில்தான் செத்தார்.

தளத்தைச் சுற்றிய வேலி பிறகும் அசையவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்குப் போட்டார்கள். 2015இலிருந்து துண்டு துண்டாகக் காணி விட்டார்கள். 2019இல் அந்த ஓடுபாதை சர்வதேச விமான நிலையமானது. எங்கள் துண்டு இன்னும் வரவில்லை.

ஒரு போரில் சம்பாதித்து மீட்ட காணி, அதே போருக்காக, அவருடைய சொந்தப் பக்கம் போட்ட ஓடுபாதையால் போனது. அப்பு இதை ஒருநாளும் இப்படிக் கோர்த்துச் சொன்னதில்லை. கோர்ப்பது நான்தான், அதில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் அது கூடும். 11ஆம் திகதி கொழும்பில் பொப்பி மலர், 27ஆம் திகதி இங்கே மாவீரர் சுடர், மே மாதத்தில் அரசாங்கத்தின் படைவீரர் விழா. மூன்று பட்டியலிலும் இந்த ஆமிக்காரருக்கு இடமில்லை. கேட்டிருந்தால், தனக்குக் கிணறு போதுமென்று சொல்லியிருப்பார். எனக்குப் போதவில்லை.

உறுதிக் கட்டு இப்போது கனடாவில் பெரிய மாமாவிடம் இருக்கிறது. காணி விட்டால் வந்து தோட்டம் செய்வேன் என்கிறார். அவருக்கு வயது எழுபது கடந்துவிட்டது. விடுபட்ட காணிகளில் உண்மையில் யார் இறைக்கிறார்கள், கிணறுகள் எப்படி இருக்கின்றன என்பதை அடுத்த கிழமை போய்ப் பார்ப்போம்.

(தொடரும்)