கீமோதெரபி நாளில் ஏன் இந்தக் காத்திருப்பு?

காலை 8 மணிக்கே இரத்தம் கொடுத்தாயிற்று. 11 மணியாகியும் மருந்து ஏறவில்லை. பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை இது. அந்த இடைவெளியில் நடப்பவற்றைத் தாங்கள் அறிந்திருப்பது நல்லது. அவற்றுள் சில தங்கள் உதவியின்றி நடவா.

அன்றைய பரிசோதனையில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதுமான அளவில் உள்ளனவா, கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைத் தாங்குமா என்று பார்த்த பின்னரே மருந்தைக் கலக்கச் சொல்கிறோம். பெரும்பாலான மருந்துகளின் அளவு, உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் உடற்பரப்பைப் பொறுத்தது. ஆகவே, 'போன முறை பார்த்த எடையையே எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டா. வேறு மருத்துவமனையில் முன்பு சிகிச்சை பெற்றிருந்தால் அந்தக் கோப்பையும் கொண்டு வாருங்கள். டாக்ஸோருபிசின் போன்ற மருந்துக்கு வாழ்நாள் முழுமைக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் இதயம் பலவீனமடையக்கூடும்.

மருந்தாளுநர் இரட்டைக் கையுறையும் நீர்புகா அங்கியும் அணிந்து, காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் மருந்தைக் கலக்கிறார். செவிலியரும் அவ்வாறே அணிந்து வருவதைக் கண்டு, 'அவ்வளவு கொடிய மருந்தையா எங்களுக்கு ஏற்றுகிறீர்கள்?' என்று சிலர் கலங்குகின்றனர். நியாயமான கேள்விதான். நோயாளிக்கு அம்மருந்தால் பயன் உண்டு. செவிலியருக்கோ எப்பயனும் இன்றி, ஆண்டுக்கணக்கில் அது சிறிது சிறிதாகப் படியும்.

வின்கிரிஸ்டின் என்ற மருந்தைச் சிரைவழியே மட்டுமே செலுத்தலாம். தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. பல நாடுகளில் இத்தவறு நேர்ந்ததையடுத்து, இதனை ஊசிக்குழலில் எடுக்காமல் சிறு பையில் கலந்தே கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. பையை எவரும் முதுகில் செலுத்த முற்படமாட்டார் என்பதே இதன் எளிய தருக்கம். நாங்களும் அவ்வாறே செய்கிறோம்.

படுக்கையருகே இரு செவிலியர் தங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் மீண்டும் கேட்பர். 'பத்து முறை வந்திருக்கிறேன், தெரியாதா?' என்று சலிப்பு வரும். தெரியும், ஆயினும் கேட்போம். தலையசைக்காமல், முழுப் பெயரையும் தாங்களே சொல்லுங்கள்.

மருந்து ஏறும்போது ஊசியின் இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ தோன்றினால் அந்த நொடியே கூறுங்கள். சில மருந்துகள் சிரைக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிவிடும். 'நர்ஸம்மா வேலையாக இருக்கிறார், பிறகு சொல்லலாம்' என்று பொறுத்துக்கொள்வது எங்களை மிகவும் அஞ்சச் செய்யும் பண்பாடு.

வீடு திரும்பியபின் 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றைக் கையாள்பவர் கையுறை அணிய வேண்டும். கழிப்பறையின் மூடியை மூடி இருமுறை நீர் ஊற்ற வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பணியைத் தவிர்க்கட்டும். டாக்ஸோருபிசின் பெற்றவரின் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்திருக்கலாம், அது இரத்தமன்று. ஆனால் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், நள்ளிரவாயினும் மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.