திரைக்குப் பின்னே – 12: கற்காமல் திறந்த சர்வர்

இணையதளங்கள் குடியிருக்கும் தரவு மையங்களைச் சென்ற வாரம் சுற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கணினிகளை நடத்தும் மனிதர்களைப் பற்றிப் பேசலாம். குறிப்பாக, எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ளாமலே நடத்த வந்துவிட்டவர்களைப் பற்றி.

2013 ஜனவரியில் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் மாதம் 5 டாலருக்கு ஒரு சர்வர் தரத் தொடங்கியது. 512 எம்பி ரேம், 20 ஜிபி எஸ்எஸ்டி. விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் சர்வர்கள் அதற்கு முன்பும் இருந்தன. லினோட் நிறுவனம் 2003லிருந்தே விற்றுவந்தது. ஆனால் கல்லூரி மாணவர் ஒருவரின் கைச்செலவுப் பணத்துக்குள், டீ குடித்து முடிப்பதற்குள், ஒரு சர்வர் கைக்கு வந்துவிடும் என்ற நிலை இந்த விலைக்குப் பிறகுதான் பரவலானது. அது நல்ல காரியம். எத்தனையோ பேர் அந்த மலிவு சர்வர்களில்தான் லினக்ஸ் பழகினார்கள். ஆனால் விலை குறைந்த அளவுக்கு வேலை எளிதாகிவிடவில்லை. அதைப் பலர் கவனிக்கவில்லை.

இந்தச் சர்வர்கள் பெரும்பாலும் 'அன்மேனேஜ்டு' வகை. இயந்திரம், மின்சாரம், இணைய இணைப்பு இவை மட்டும் விற்பவர் பொறுப்பு. இயங்குதளம், பாதுகாப்பு, பேக்கப், மின்னஞ்சல் என உள்ளே ஓடும் அத்தனையும் வாங்கியவர் தலையில். விலை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் ஒரு மணி நேரம்

புதிதாக ஒரு சர்வர் வாங்குகிறீர்கள். அதில் இன்னும் எந்தத் தளமும் இல்லை. அதன் ஐபி முகவரியை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, உள்நுழைவு முயற்சிகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். ரூட் என்ற பெயருக்குத் தவறான கடவுச்சொல். மறுபடி ரூட், மறுபடி தவறு. பிறகு அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது வரிகள் வந்து சேரும்.

'நம் சின்னத் தளத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?' என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். யாரும் உங்களைத் தேடி வரவில்லை. அவர்கள் எல்லா எண்களையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள். உலகத்தில் இருக்கும் ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து இந்த முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று நிரூபித்தது. இவ்வளவு சுலபமாகச் சுற்றிவர முடிகிற உலகத்தில் ஒளிந்துகொள்ள மூலை கிடையாது.

விவரம் தெரிந்தவர் சர்வர் வந்த உடனே கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவியைப் பொருத்துவார், கடவுச்சொல் வழி நுழைவை நிறுத்துவார், வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் தேவையான போர்ட்டுகளை (இணைப்பு வாசல்களை) மட்டும் திறப்பார், அப்டேட்டுகளை நிறுவுவார். பழகியவருக்குக் கால் மணி நேர வேலை. பழகாதவரோ, ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால் தடையாகத் தெரிவதையெல்லாம் அகற்றுகிறார். கோப்பு எழுத அனுமதி இல்லையா, 777 என்று எல்லாருக்கும் திறந்துவிடுகிறார். இணைப்பு கிடைக்கவில்லையா, ஃபயர்வாலையே அணைக்கிறார். தளம் ஓடுகிறது, மகிழ்ச்சி. அந்தத் தடைகள் அங்கே எதற்காக இருந்தன என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை.

கதவைத் திறந்தது ஒருவர், அடி வாங்கியது வேறொருவர்

என் சர்வர், என் பணம், கெட்டால் எனக்குத்தானே நஷ்டம் என்ற வாதம் இணையத்தில் செல்லாது. 2018 பிப்ரவரி 28 அன்று, உலகமெங்கும் மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குத் தரவு வெள்ளம் பாய்ந்தது. அதுவரை பதிவானவற்றில் மிகப் பெரிய தாக்குதல் அது. அந்த வெள்ளம் வந்தது தாக்கியவரின் கணினிகளிலிருந்து அல்ல. வேறு யார் யாரோ வைத்திருந்த பல்லாயிரக்கணக்கான சாதாரண சர்வர்களிலிருந்து.

நடந்தது இதுதான். மெம்கேஷ்டு என்பது தளங்களை வேகமாக்க உதவும் ஒரு மென்பொருள். சர்வருக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டியது. வெளியுலகுக்குக் காட்டக் கூடாதது. ஆனால் அன்றைய பதிப்புகளில் 11211 என்ற போர்ட், யுடிபி முறையில் வரும் கேள்விகளுக்கும் தானாகவே பதில் சொல்லும். ஃபயர்வால் இல்லாத சர்வரில் அதை நிறுவினால் உலகத்தில் யார் கேட்டாலும் பதில் போகும். தாக்கியவர், கேள்வியை அனுப்பியது கிட்ஹப் என்பதுபோல முகவரியை மாற்றி எழுதி அனுப்பினார். 15 பைட் கேள்விக்கு 750 கிலோபைட் வரை பதில் போகக்கூடும் என்று இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர் கணக்குக் காட்டியது. ஏறத்தாழ 51,000 மடங்கு. அத்தனையும் கிட்ஹப் வாசலில் போய் விழுந்தது. கிட்ஹப் பத்து நிமிடத்துக்குள் மீண்டது. மெம்கேஷ்டை உருவாக்கியவர்களும் அடுத்த பதிப்பில் யுடிபியை இயல்பாகவே அணைத்துவைத்தார்கள். தங்கள் சர்வர் அன்று ஆயுதமாகப் பயன்பட்டது என்பது, அதை வைத்திருந்த பலருக்குத் தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2017 ஜனவரியில், மாங்கோடிபி தரவுத்தளங்களுக்கு நேர்ந்ததும் இதே வகைதான். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த தரவுத்தளங்கள் பல்லாயிரம். ஒருவர் நுழைந்து தரவை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருவதாகக் குறிப்பு எழுதிவைத்தார். அவரைப் பார்த்து வேறு கும்பல்களும் இறங்கின. பல இடங்களில் தரவின் நகலை யாரும் எடுத்தே வைக்கவில்லை. பணம் கட்டினாலும் திரும்பி வராது. அதில் இருந்தவை சர்வர் நடத்தியவரின் சொந்த விவரங்கள் மட்டுமல்ல. அவரை நம்பிப் பதிவு செய்தவர்களின் விவரங்களும்தான்.

அடுத்தவர் தளத்தை ஏற்றுக்கொள்ளும்போது

தனக்காக ஒரு சர்வர் வைத்துப் பழகுவது ஒன்று. அதில் இடம் பிரித்து அடுத்தவருக்கு விற்பது முற்றிலும் வேறு. மொத்தமாக இடம் வாங்கிப் பிரித்து விற்க உதவும் ரீசெல்லர் கணக்கு ஒன்று, தளங்களை நிர்வகிக்கும் சிபேனல், பில் போடும் மென்பொருள், ஒரு லோகோ இருந்தால் ஒரே நாளில் ஹோஸ்டிங் நிறுவனம் தயார். வாடிக்கையாளருக்குத் தெரிவது அந்த முகப்பு மட்டுமே. பின்னால் இருப்பவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவரா, இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து பார்ப்பாரா என்பது தெரியாது. துணிக்கடைக்காரர் தன் ஆர்டர்களை அங்கே ஒப்படைக்கிறார், பள்ளிக்கூடம் தன் சேர்க்கைப் படிவங்களை ஒப்படைக்கிறது. ஆளில்லாத மைதானத்தில் யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டிப் பழகலாம். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் உரிமம் வேண்டும். ஹோஸ்டிங்கில் அப்படி உரிமம் கேட்பவர் இல்லை. ஆகவே மனசாட்சிதான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் சட்டமும் ஓரளவு கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். விபிஎஸ் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் காக்க வேண்டும். லாக் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் இதில் எதைச் செய்ய முடியும்?

பேக்கப் என்று ஒன்று

2009 ஜூனில் பிரிட்டனின் விஏசர்வ் நிறுவனத்தில் யாரோ நுழைந்து ஏறத்தாழ 1,00,000 தளங்களை அழித்தார்கள். சர்வர்களை நிர்வகிக்கும் ஹைப்பர்விஎம் மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்ததாக நிறுவனம் சொன்னது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அன்மேனேஜ்டு திட்டத்தில் இருந்தவர்கள். அதில் பேக்கப் சேராது. சொந்தமாக நகல் எடுத்துவைக்காதவர்களுக்குத் தளமே போயிற்று.

பேக்கப் இருக்கிறது என்று நம்புவதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப்பைப் போலவே நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மிஞ்சியபோது நிறுத்தினார். பேக்கப் வைத்திருந்த இடத்தைத் திறந்தால் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. கிட்லேப் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் உலகத்துக்கு எழுதிக் காட்டியது. அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தேர்ந்த பொறியாளர்கள் கூடியிருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், கற்காமல் இறங்குபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே பழகுவது?

இதைப் படித்துவிட்டு இளைஞர்கள் சர்வர் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. போக வேண்டும், வரிசை மாறாமல் போக வேண்டும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் உங்கள் மடிக்கணினியில் இலவசமாக ஓடும். அதற்குள் ஒரு லினக்ஸை நிறுவுங்கள். உடையுங்கள், சரிசெய்யுங்கள், மறுபடி உடையுங்கள். இணையத்தில் கிடைக்கும் கட்டளையை ஒட்டும் முன் அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று படியுங்கள். பிறகு மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சர்வர் எடுத்து, இழந்தாலும் அழவேண்டாத ஒரு தளத்தை அதில் வையுங்கள். தினம் லாக் படியுங்கள். சில மாதம் கழித்து ஒரு நாள் அந்தச் சர்வரை முழுவதுமாக அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து வேறொரு சர்வரில் உயிர்ப்பித்துப் பாருங்கள். அன்று தளம் குறையில்லாமல் எழுந்து வந்தால், அடுத்தவர் தளத்தை ஏற்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

தளம் வைத்திருப்பவர்களும் தங்கள் ஹோஸ்டிங்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். 'எங்கள் பேக்கப் எந்த இடத்தில் இருக்கிறது? கடைசியாக எப்போது அதை மீட்டுப் பார்த்தீர்கள்?' பதில் சொல்லத் தடுமாறினால் இன்றே ஒரு நகலை நீங்களே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு இடம் தேடுங்கள்.

அடுத்த வாரம்: அனுப்பிய மின்னஞ்சல் ஏன் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது?

(தொடரும்)