விக்கிப்பீடியாவில் ஐந்தில் ஒருவர்தான் பெண்: ஏன்?

2018 அக்டோபர் 2 அன்று இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பரிசு பெற்ற மூவரில் ஒருவரான டோனா ஸ்டிரிக்லாண்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், மேரி கியூரி (1903), மரியா கோப்பெர்ட் மேயர் (1963) இருவருக்கும் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். லேசர் துடிப்பின் ஆற்றலைப் பன்மடங்கு பெருக்கும் முறையை 1985இல் அவரோடு சேர்ந்து வெளியிட்ட ஜெரார் மூருவுக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தது. ஸ்டிரிக்லாண்டைப் பற்றிய வரைவை, முக்கியத்துவத்தைக் காட்டும் சான்றுகள் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு மே மாதம் தன்னார்வலர் ஒருவர் நிராகரித்திருந்தார். பரிசு அறிவிப்பு வெளியான அன்றே பக்கம் உருவாகிவிட்டது. இதை ஒரு தன்னார்வலரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001இல் தொடங்கிய ஒரு கலைக்களஞ்சியத்தில் எல்லாருடைய குரலும் ஏன் தானாக வந்து சேரவில்லை என்பதே இங்குள்ள கேள்வி.

2014 இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் பெண்களைப் பற்றியவை. 2015இல் தொடங்கிய ‘விமன் இன் ரெட்’ என்ற தன்னார்வக் குழு, பக்கமில்லாத பெண்களின் பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக எழுதிவருகிறது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அந்த விகிதம் 20ஐ ஒட்டியே நிற்கிறது. எழுதுபவர்களின் கணக்கு இதைவிட மோசம். விக்கிமீடியா அறக்கட்டளை 2011இல் எடுத்த கணக்கெடுப்பில், தொகுப்பாளர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. 2015க்குள் அதை 25 விழுக்காடாக்க வேண்டும் என்று அப்போதைய செயல் இயக்குநர் சூ கார்ட்னர் வைத்த இலக்கு எட்டப்படவில்லை. தேடுபொறி முதலில் காட்டுவதிலும், செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பாடம் படிப்பதிலும் இந்தப் பக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இங்கே விடுபடும் பெயர் பல இடங்களில் விடுபடுகிறது.

“எழுத வேண்டாம் என்று பெண்களை யார் தடுத்தார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லைதான். ஆனால் விக்கிப்பீடியாவுக்கு எழுத ஊதியமில்லாத ஓய்வு நேரம் வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். நேரம் கிடைத்தாலும் தடை தீர்ந்துவிடுவதில்லை. ஒரு வரியைச் சேர்த்தால் அதை நீக்குபவரோடு உரையாடல் பக்கத்தில் மல்லுக்கட்ட வேண்டும். பெண்கள் ஏன் எழுதுவதில்லை என்பதற்கு அவர்களே சொன்ன காரணங்களை 2011இல் கார்ட்னர் தொகுத்தபோது, நேரமின்மையும் இந்தச் சண்டைச் சூழலும் அதில் இடம்பெற்றன.

எழுதுபவர்களின் எண்ணிக்கையை உயர்த்தினாலும் இன்னொரு சிக்கல் அப்படியே நிற்கும். ஒருவருக்குப் பக்கம் வேண்டுமென்றால் அவர் ‘குறிப்பிடத்தக்கவர்’ என்று காட்ட வேண்டும்; அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அவரே எழுதியதோ அவருடைய நிறுவனம் எழுதியதோ இதற்குச் செல்லாது. நியாயமான விதிதான். ஆனால் அந்த வெளியீடுகள் யாரைப் பற்றி எழுதின? 1851 முதல் தான் வெளியிட்ட இரங்கல் குறிப்புகளில் பெரும்பாலானவை வெள்ளை ஆண்களைப் பற்றியவை என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழே 2018 மார்ச் 8 அன்று ஒப்புக்கொண்டு, விடுபட்ட பெண்களுக்கு இரங்கல் குறிப்பு எழுதத் தொடங்கியது. அந்த முதல் வரிசையில் நடிகை மதுபாலாவும் இருந்தார். அவர் இறந்தது 1969இல். அச்சில் ஒருமுறை விடுபட்டவர், அச்சையே சான்றாகக் கேட்கும் இணையத்தில் மறுபடியும் விடுபடுகிறார்.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. கலைக்களஞ்சியம் உலகைப் பதிவுசெய்வது, திருத்துவது அதன் வேலையல்ல. சான்று விதியைத் தளர்த்தினால் விளம்பரமும் புளுகும் உள்ளே நுழைந்துவிடும் என்பது அந்த வாதம். இரண்டாம் பாதி முழுக்கச் சரி. ஆனால் பெண்களுக்காக விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஒரே விதியை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருத்தவே சொல்கிறோம். சமூகவியலாளர் ஃபிரான்செஸ்கா டிரிப்போடி 2021இல் வெளியிட்ட ஆய்வு, விதிகளை நிறைவுசெய்யும் பெண்களின் பக்கங்கள்கூட ஆண்களின் பக்கங்களைவிட அதிக அளவில் நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்படுவதைக் காட்டியது. ஸ்டிரிக்லாண்ட் 2013இல் அமெரிக்காவின் ஒளியியல் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கென விக்கிப்பீடியா தனியே வைத்துள்ள அளவுகோலுக்கு அதுவே போதும். அதே 2013இல் பெண் நாவலாசிரியர்கள் பலரை ‘அமெரிக்க நாவலாசிரியர்கள்’ பகுப்பிலிருந்து எடுத்துத் தனிப் பகுப்புக்கு மாற்றியதை எழுத்தாளர் அமாண்டா ஃபிலிப்பாக்கி வெளிக்கொண்டுவந்தார். எந்தச் சான்று விதியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் பன்முகக் குரல் வந்துவிடுமா? வராது. டென்னெசின் என்ற 117ஆம் தனிமத்தின் கண்டுபிடிப்பில் பங்காற்றிய கறுப்பின வேதியியலாளர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸின் பக்கம் 2019இல் நீக்கப்பட்டது. அவர் ஒரு பெரிய குழுவில் ஒருவர், தனிச் சான்று குறைவு என்றார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் 2020இல்தான் பக்கம் திரும்பியது. பெண் என்பதோடு நிறமோ சாதியோ சேரும்போது அச்சுச் சான்று இன்னும் அருகிவிடுகிறது. இந்தப் பின்னணியில்தான் தலித் பெண்கள் சிலர் 2015 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தைத் தொடங்கித் தங்கள் வரலாற்றைத் தாங்களே இணையத்தில் பதிவுசெய்யலானார்கள். வாய்மொழி அறிவை ஒலிப்பதிவு செய்து சான்றாகக் காட்டும் முயற்சியை ஆய்வாளர் அச்சல் பிரபாலா 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்து பார்த்தார். யாரும் சரிபார்க்க முடியாது என்ற தயக்கத்தால் அது பரவலாக ஏற்கப்படவில்லை. அந்தத் தயக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் நூலகமோ பல்கலைக்கழகமோ முறையாகப் பதிந்து, தேதியிட்டு, பொதுப் பார்வைக்கு வைத்தால் சரிபார்க்கும் வழியும் பிறக்கும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இந்தச் சான்றுச் சிக்கல் பொருந்தும். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து ஆவணங்களை இணையமேற்றும் நூலகம் நிறுவனமும் பழைய இதழ்களைக் காத்து வைத்திருக்கின்றன. பெண்கள் நடத்திய இதழ்களைத் தேடிப் படித்து மேற்கோளாக்கினால் எந்த விதியையும் தளர்த்தாமலே பல பக்கங்களை எழுதலாம். அதோடு, இன்று அச்சாவதே நாளைய சான்று. ஒரு தொழிற்சங்கப் பெண் தலைவரோ கிராமச் செவிலியரோ மறைந்தால், பெயரையும் வயதையும் மட்டும் போட்டு நிறுத்தாமல் அவர் செய்த வேலையைத் தேதிகளோடு நான்கு பத்தி எழுத எந்த நாளிதழாலும் முடியும். பத்தாண்டு கழித்து அவருடைய பக்கத்தை நீக்கச் சொல்பவருக்கு அந்த நான்கு பத்தியே பதில் சொல்லும்.