விளையாட்டுப் பொருளை விற்றால் கைக்கு வருவது எவ்வளவு?

கற்பிட்டியிலோ உடப்பிலோ மீன் விற்கும் குடும்பத்துக்கு, ஏலத்தில் கூவப்படும் விலையும் கையில் வந்து சேரும் காசும் ஒன்றல்ல என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தரகு போகும். எண்ணெய்க்கும் ஐஸுக்கும் வலைக்கும் வாங்கிய முற்பணம் போகும். முற்பணம் தந்தவருக்கே மீனையும் கொடுக்க வேண்டியிருந்தால், விலை பேசும் உரிமையும் போய்விடும். யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தைகளில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் ‘கழிவு’ என்று எடுப்பதற்கு எதிராக விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அங்கே தராசாவது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இன்று வீடியோ கேம்களுக்குள் இருக்கும் பொருட்களை விற்கும் சந்தையில் அந்தத் தராசு இல்லை. திரையில் ஒரு விலை தெரியும். அந்த விலை எத்தனை இடங்களில் தேய்ந்து ரூபாவாக மாறும் என்பதை விற்பவரேதான் கணக்கிட வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கிய முஸ்லிம் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கும், மீன்பிடியை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ‘போனில் உழைக்கலாம்’ என்ற பேச்சு சாதாரணமானதல்ல. காணியும் நிலையான தொழிலும் இல்லாத இடத்தில் அது பெரிய வாக்குறுதி. அதனால்தான் இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு பெற்றோரும் விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில், விற்கப்படுவது என்ன? ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2013 ஓகஸ்ட் முதல் அதில் துப்பாக்கிகளுக்கும் கத்திகளுக்கும் ‘ஸ்கின்’ எனப்படும் வர்ணப் பூச்சுகள் உண்டு. ஸ்கின் இருந்தால் குண்டு கூடுதலாகப் பாயாது, அழகு மட்டும்தான். ஆனால் அரிதானவற்றுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். விளையாட்டை நடத்தும் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம், தனது ஸ்டீம் தளத்துக்குள் 2012 டிசம்பரிலேயே இத்தகைய பொருட்களுக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டது.

அந்தச் சந்தைக்குள் நுழைவதற்கே செலவு உண்டு. ஸ்டீமில் குறைந்தது 5 டொலர் செலவழிக்காத கணக்கால் அங்கே விற்க முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கை இலவசமாக விளையாடலாம், ஆனால் வாராந்தம் பொருட்கள் கிடைக்க ‘பிரைம்’ தகுதியை ஏறத்தாழ 15 டொலருக்கு வாங்க வேண்டும். கைத்தொலைபேசியில் ஸ்டீமின் பாதுகாப்புச் செயலியை இணைக்காவிட்டால், விற்பனைக்கு வைத்த பொருள் 15 நாள் வரை நிறுத்தி வைக்கப்படலாம்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். ஸ்டீம் 5 வீதம் எடுக்கிறது. விளையாட்டுக்கென்று தனியாக ஒரு கட்டணம் உண்டு. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் அது 10 வீதம். இந்த 15 வீதமும் விற்பவருக்குக் கிடைக்கும் தொகையின் மேல் கூட்டப்படுகிறது. உங்களுக்கு 20 டொலர் வேண்டுமென்றால் அதன் மேல் 1 டொலரும் 2 டொலரும் சேர்ந்து, வாங்குபவர் 23 டொலர் கொடுப்பார். ஆகவே வாங்குபவர் கொடுத்த காசில் பார்த்தால் போவது 13 வீதம். 23 டொலர் என்று காட்டும் பொருளில் 15 வீதம் கழித்து 19.55 என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. 23-ஐ 1.15-ஆல் வகுக்க வேண்டும், 20 வரும்.

பெரிய பொருட்களை விடச் சில்லறைப் பொருட்களில்தான் உண்மையான அடி விழுகிறது. இரண்டு கட்டணங்களுக்கும் ஆகக் குறைந்த தொகை ஒவ்வொரு சதம். 3 சதத்துக்கு ஒரு பொருள் விற்றால் 2 சதம் கட்டணமாகப் போய், விற்றவருக்கு 1 சதம்தான் வரும். மூன்றில் இரண்டு பங்கு கழிவு! சாதாரணமாக விளையாடும் பையனுக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். நூறு பொருள் விற்றேன் என்பவரின் கையில் 1 டொலர் இருக்கும்.

இதுவரை சொன்னது எழுதி வைத்திருக்கும் கட்டணம். எழுதாத கட்டணம் இதைவிடப் பெரியது. ஸ்டீம் சந்தையில் விற்ற காசு வங்கிக்கு வராது. அது ‘வொலட்’ என்ற கணக்குக்குள் விழும். அதைக் கொண்டு ஸ்டீமுக்குள் வேறு விளையாட்டோ வேறு பொருளோ வாங்கலாம், அவ்வளவுதான். அந்தத் தொகைக்கு ஸ்டீமுக்கு வெளியே மதிப்பில்லை என்று நிறுவனத்தின் ஒப்பந்தமே சொல்கிறது. கடை முதலாளி சம்பளத்துக்குப் பதிலாகத் தன் கடையில் மட்டும் செல்லும் துண்டு எழுதிக்கொடுப்பது போன்றது இது. தோட்டங்களின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

காசாக வேண்டுமென்றால் ஸ்டீமுக்கு வெளியே உள்ள தனியார் விற்பனைத் தளங்களுக்குப் போக வேண்டும். அங்கே சில தளங்களின் கட்டணம் 2 வீதம் அளவில் இருக்கும், சிலவற்றில் அதைப் போலப் பல மடங்கு. கட்டணம் குறைவு என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அதே பொருளின் விலையே அங்கே ஸ்டீம் விலையை விடக் குறைவாக இருக்கும். காரணம் எளியது: ஒரு பக்கம் பூட்டிய காசு, மறு பக்கம் கையில் வரும் காசு. அந்த விலை வித்தியாசம்தான் பூட்டைத் திறப்பதற்கான கூலி. அது எந்தக் கட்டணப் பட்டியலிலும் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஸ்டீமில் 23 டொலர் காட்டும் ஸ்கின், வெளித் தளத்தில் 17 டொலருக்கு விலைபோகிறது. தளத்தின் கட்டணம் 5 வீதம் என்றால் 85 சதம் போய் 16.15 மிஞ்சும். பணத்தை வெளியே எடுக்க 2 டொலர், மிச்சம் 14.15. வங்கியில் 1 டொலர் 300 ரூபா என்று வைப்போம். நேரடியாக எடுக்க வழியில்லாமல் ஓர் இடைத்தரகரிடம் 270 ரூபாவுக்கு மாற்றினால் கைக்கு வருவது 3,820 ரூபா. திரையில் தெரிந்த 23 டொலரை 300-ஆல் பெருக்கினால் 6,900 ரூபா. பாதிக்குச் சற்று மேலேதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. ‘5 வீதம்தான் கட்டணம்’ என்று தளம் சொன்னது பொய்யுமல்ல.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எடுப்பதற்கான 2 டொலர், தொகை எவ்வளவாக இருந்தாலும் மாறாத கட்டணம் என்றால், ஐந்து ஸ்கின்களை விற்றுச் சேர்த்து ஒரே தடவையில் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 4,252 ரூபா கிடைக்கும். பொறுத்திருந்ததற்கு ஒரு ஸ்கின்னுக்கு 432 ரூபா கூடுதல். ஆனால் பொறுத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. கைமாறிய பொருளை 7 நாட்களுக்கு மறுபடி விற்க முடியாது. விலையோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் வால்வ் ஒரு விதியை மாற்றி, சாதாரண விலையுள்ள ஐந்து சிவப்புத் தரப் பொருட்களைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று அறிவித்தது. விலையுயர்ந்த கத்திகளின் பெறுமதி ஓரிரு நாட்களுக்குள் சரிந்தது. கத்தியைச் சேமிப்பாக வைத்திருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இலங்கையில் இருப்பவருக்கு வெளியே வரும் கதவுகளும் குறுகியவை. பல நாடுகளில் பேபால் மூலம் காசு பெறுகிறார்கள். இங்கே அந்தச் சேவை நீண்ட காலமாகப் பணம் அனுப்பவும் பொருள் வாங்கவுமே உதவி வந்திருக்கிறது; வெளியிலிருந்து வரும் காசைப் பெறுவதற்கல்ல. பொருளை விற்ற பிறகு இதைக் கண்டுபிடிப்பவரின் காசு தளத்துக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். ஆகவே தளத்தின் கட்டணப் பக்கத்துக்கு முன் அதன் பணம் எடுக்கும் பக்கத்தைப் பாருங்கள்: இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புமா, ஆகக் குறைந்த தொகை என்ன, அடையாள அட்டை கேட்குமா, எந்த வயதிலிருந்து கணக்குத் தொடங்கலாம்.

கிரிப்டோ நாணயமாக எடுக்கச் சொல்லும் தளங்கள் அதிகம். மெய்நிகர் நாணயங்களின் ஆபத்து பற்றி மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. 2021-இன் வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரை ஒன்றின்படி, வங்கி அட்டைகளைக் கொண்டு அவற்றுக்குப் பணம் செலுத்தவும் அனுமதியில்லை. காசு காணாமல் போனால் முறையிட வாசல் இல்லை என்பதே நடைமுறை அர்த்தம். பிலிப்பைன்ஸில் 2021-இல் ‘எக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற விளையாட்டை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டவர்களின் கதை இதற்கு உதாரணம். அதன் சந்தைக் கட்டணம் வெறும் 4.25 வீதம். விளையாட்டு மிருகங்களை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வேறொருவர் அவற்றை இரவல் கொடுத்து உழைப்பில் பங்கு எடுத்தார். நம் கரையில் படகும் வலையும் கொடுத்துப் பங்கு எடுக்கும் சம்மாட்டி முறையேதான். அடுத்த ஆண்டுக்குள் அவர்கள் உழைத்த நாணயத்தின் விலை ஒரு சதத்துக்கும் கீழே போனது. 2022 மார்ச்சில் அதன் வலையமைப்பிலிருந்து 60 கோடி டொலருக்கும் மேல் களவாடப்பட்டது. கட்டணம் குறைவாக இருந்ததால் யாரும் தப்பவில்லை.

கைத்தொலைபேசியில் ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி மொபைல்’ விளையாடும் பிள்ளைகளின் நிலை வேறு. அவற்றில் வீரர்கள் ஒருவருக்கொருவர் பொருள் விற்கும் அதிகாரபூர்வச் சந்தை கிடையாது. விற்கப்படுவது முழுக் கணக்கு. அதுவும் முகநூல் குழுக்களிலும் வட்ஸ்அப்பிலும், நிறுவனத்தின் விதிக்கு மாறாக. கணக்கை விற்றவர் பழைய மின்னஞ்சலைக் காட்டி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இடையில் நின்று பத்திரம் காப்பதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர், இரு பக்கமும் வாங்கிக்கொண்டு மறைந்துபோகலாம்.

எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது வேறொன்றை. நேரடியாகக் காசு எடுக்க முடியாத இளைஞரிடம் ‘உன் அம்மாவின் வங்கிக் கணக்கைத் தா, அதில் போடுகிறேன், வேறு சிலரின் காசும் வரும், எடுத்துக் கொடுத்தால் உனக்குக் கமிஷன்’ என்று யாராவது சொல்லலாம். இது கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழி போலத் தெரியும். ஆனால் வந்த காசு எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த காசாக இருந்தால், விசாரணை வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரியிடம். சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2006-இன் 6-ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ‘இந்தக் காசு யார் அனுப்பியது’ என்ற கேள்வி போரைக் கண்ட குடும்பங்களுக்கு எவ்வளவு பாரமானது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் தன் கணக்கில் பெற்று வங்கி வழியாக அனுப்புவது இதைவிடப் பாதுகாப்பானது. அங்கேயும் அவருடைய பெயரில்தான் வருமானம் பதிவாகும் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருளை எந்தத் தேதியில் எவ்வளவுக்கு விற்றது, எந்தத் தளம் எவ்வளவு அனுப்பியது என்பவற்றைத் திரைப்படம் பிடித்து வைத்திருந்தால், பின்னர் வங்கி கேட்கும்போது இருவரும் ஒரே பதிலைச் சொல்லலாம்.